பாலர் கையும் வீட்டுப் பாடமும்

பொழுது சாயும் வேளை. அடுக்களை வாசலில் அமர்ந்து தாய் சுளகிலே அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். 4 வயது நிரம்பாத பிள்ளை அருகே வந்து சுளகின் ஓரத்தைப் பற்றி இழுக்கிறது. "அங்காலே போ பிள்ளை, போயிருந்து ஆனா எழுது" என்று தாய் அதட்டுகிறாள். பிள்ளை கொப்பியின் முன்னே போய் அமர்கிறது. பென்சிலை முழுக் கையாலும் இறுகப் பிடித்து ஏதோ கிறுக்குகிறது. பென்சிலின் கூர் முறிகிறது, தாள் கிழிகிறது, அழுகை தொடங்குகிறது. வேலையை விட்டெழுந்து வரும் தாய்க்கும் கோபம், பிள்ளைக்கும் துயரம்.

இக்காட்சி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும், மட்டக்களப்பின் வாவிக்கரைக் குடிசையிலும், கொழும்பின் மாடி வீட்டிலும், மலையகத்து லயன் அறையிலும் இது நாள்தோறும் நிகழ்கின்றது. தாயின் நோக்கத்திலே குற்றம் காண்பதற்கில்லை. தன் பிள்ளை கல்வியிற் பின்தங்கிவிடலாகாது என்ற ஏக்கமே அவளை அவ்வாறு செய்விக்கின்றது. ஆயினும், சுளகைப் பற்றி இழுப்பது விளையாட்டு, கொப்பியில் எழுதுவது படிப்பு என்று அவள் பகுத்துக்கொண்டாளே, அந்தப் பகுப்பிலேதான் தவறு நேர்ந்துள்ளது. அந்த வயதில் சுளகே பாடம். கொப்பிக்குரிய காலம் இன்னும் வரவில்லை.

நம் நாட்டிலே 5 வயது நிறைவுற்ற பிள்ளை முதலாந் தரத்திற் சேர்க்கப்படுகின்றது. அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகளில் எழுத்து முழுவதையும் கற்பித்துவிட வேண்டும் என்ற அவசரம் பெற்றோர் பலரிடத்தே காணப்படுகின்றது. முன்பள்ளிகள் சிலவும், பெற்றோரைத் திருப்திப்படுத்தும் பொருட்டு, பக்கம் பக்கமாக வீட்டுவேலை கொடுத்தனுப்புகின்றன. ஆனால் பாடசாலையோ இதனைக் கேட்கவில்லை. 1999ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின்படி, முதலாம் இரண்டாம் தரங்களிலே விளையாட்டும் செயற்பாடுமே முதன்மை பெறுவன. மேசையிலிருந்து எழுதும் வேலை அவற்றுக்கு அடுத்தபடியாகவே வருவது. பாடசாலை எதிர்பார்ப்பது எழுதத் தெரிந்த பிள்ளையை அன்று. எழுதுதற்கு ஆயத்தமான பிள்ளையை. இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டை அறியாமையால், எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதிக்கு முன்னரே எழுத்தை வெறுத்துவிடுகின்றன. வெறுத்த பிள்ளையை மீண்டும் விரும்பச் செய்வது எத்துணை அரிய காரியம் என்பதை முதலாந் தரத்து ஆசிரியைகள் நன்கறிவர்.

ஆயத்தம் என்பது யாது? முதலிற் கையை நோக்குதல் வேண்டும். வளர்ந்தோரின் மணிக்கட்டிலே 8 சிற்றெலும்புகள் உள. பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் இவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக, ஆண்டுக்கணக்கில், எலும்பாக இறுகி வருகின்றன. அவற்றுட் கடைசியானது இறுகத் தொடங்குவது 8 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையிலேயாம். எலும்பினும் முக்கியமானவை உள்ளங்கையிலும் விரல்களிலுமுள்ள சிறு தசைகள். கையை ஆளும் திறமை தோளிலே தொடங்கி, முழங்கைக்கு இறங்கி, மணிக்கட்டை அடைந்து, ஈற்றிலேதான் விரல் நுனிக்கு வருகின்றது. 3 வயதுப் பிள்ளை கோடு கீறும்போது தோளே அசைவதைக் கூர்ந்து பார்ப்போர் காணலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் ஒன்றுபட்டுப் பென்சிலைத் தாங்கும் நிலை பயிற்சியினால் வருவது. அப்பயிற்சி பென்சிலினாலேதான் ஆகவேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால், பென்சிலினால் அது மிகவும் தாமதமாகவே வரும்.

நம் முன்னோர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர் என்பதற்கு ஏடு தொடக்கும் சடங்கே சான்று. விஜயதசமி நாளிலே பிள்ளையை மடியில் இருத்தி, அரிசி பரப்பிய தாம்பாளத்திலே அதன் சுட்டுவிரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கின்றனர். எழுதுகோல் இல்லை; தாளும் இல்லை. விரல் நேரே அரிசியைத் தொடுகின்றது. எழுத்தின் வளைவைத் தோலே உணர்கின்றது. பிழைத்தால் தட்டைச் சற்று அசைத்தாற் போதும், பிழை மறைந்துவிடும். இவ்வளவு நல்ல முறையை ஒரு நாளுக்கு மட்டும் கைக்கொண்டு, அன்று மாலையே தாம்பாளத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாட் காலையிற் கோடிட்ட கொப்பியை வாங்கிக் கொடுக்கின்றோரை என்னென்பது!

பண்டைத் திண்ணைப் பள்ளிகளிலே அவ்வாறில்லை. பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலாலேயே நாட்கணக்கில் எழுதிப் பழகினர். எழுத்தாணியும் ஓலையும் கைக்கு வந்தது அதன் பின்னரே. இம்மணலெழுத்து கடல் கடந்து சென்ற கதை பலர் அறியாதது. அன்றூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் 1789ஆம் ஆண்டிலே சென்னை எழும்பூரிலிருந்த இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றிருந்தார். ஒருநாள் குதிரைமீது செல்கையில், உள்ளூர்ப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் நிலத்திலிருந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அவர் அதனை மலபார்ப் பள்ளி எனக் குறித்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் அப்பெயராலேயே வழங்கினர். தம் இல்லத்து ஆசிரியர்களிடம் அம்முறையைக் கைக்கொள்ளுமாறு அவர் கூற, அவர்கள் மனம் ஒப்பவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியனாக்கி, மணலில் எழுத்துப் பழக்குவித்தார். 1797ஆம் ஆண்டில் இலண்டனிலே அவர் வெளியிட்ட அறிக்கையின் வாயிலாக இம்முறை இங்கிலாந்திற் பரவியது. யோசேப்பு லங்காஸ்ரர் இலண்டனில் நடத்திய ஏழைப் பிள்ளைகளின் பள்ளியிலும் கடைசி வகுப்பினர் மணல் பரப்பிய மேசையிலேயே எழுதினர். நம்மவர் முற்றத்து மணலுக்கு இத்துணைப் பெருமை உண்டு.

நூறாண்டுகளின் பின்னர், இத்தாலிய நாட்டு வைத்தியரான மரியா மொன்றிசோரி அம்மையார் வேறொரு வழியால் இதே முடிவுக்கு வந்தார். 1907ஆம் ஆண்டிலே உரோம் நகரின் சான் லொறென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் 'குழந்தைகள் வீடு' ஒன்றைத் திறந்தார். அங்கே பிள்ளைகள் நீர் வார்த்தனர், தரை கூட்டினர், பொத்தான் பூட்டினர். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களை விரலாலே தடவினர். எழுதும்படி எவரும் அவர்களைப் பணிக்கவில்லை. மாரிகாலத்து வெயில் நாளொன்றிலே, கூரைத்தளத்தில், அம்மையார் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் வெண்கட்டி ஒன்றைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியைப் படம் கீறும்படி கூறினார். சிறுவன் படத்தைக் கீறினான். அம்மையார் பாராட்டவே, அவன் அவரை நோக்கிச் சிரித்து, சற்று நேரம் தயங்கி நின்று, 'எனக்கு எழுதத் தெரியும்' என்று கூவியவனாய்க் குனிந்து தரையிலே ஒரு சொல்லை எழுதினான். அச்சொல் 'கை' என்பது. எழுதக் கற்பிக்கப்படாத பிள்ளை எழுதிவிட்டது. கை ஆயத்தமாயிருந்தது, எழுத்து தானே வந்தது. அம்மையார் 1939ஆம் ஆண்டிலே சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போரின் காரணமாக ஆண்டுகள் பல இந்தியாவிலேயே தங்கினார் என்பதும், 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கன. இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டுக்கொண்டு, உள்ளே மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்வதெழுதுதல் நடத்தும் இடங்களும் உள. அதற்கு அம்மையார் பொறுப்பாளி அல்லர்.

இனி வீட்டுக்குள் வருவோருக்கு, கை பழகும் இடங்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் அடுக்களையே போதும் எனத் தோன்றும். ரொட்டிக்கு மாப் பிசைகையில் எலுமிச்சங்காயளவு உருண்டை ஒன்றைப் பிள்ளையின் கையிற் கொடுக்கலாம். அது முதலிற் பிசைந்து பார்க்கும், பின் பாம்பாக உருட்டும், வட்டமாகத் தட்டும், துண்டு துண்டாகக் கிள்ளும். ஒவ்வொரு செயலும் ஒவ்வொரு தசைக்கு வேலை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து உருட்டும்போது இரு கைகளும் ஒத்தியங்கப் பழகுகின்றன. கொழுக்கட்டையின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மூடும் விரல்களைப் பார்த்தால், நாளை பென்சிலைப் பிடிக்கப்போகின்ற அதே மூன்று விரல்களே அவை என்பது புலனாகும். பிள்ளையின் கொழுக்கட்டை கோணலாகத்தான் இருக்கும். அதனையும் அவித்து, அப்பாவின் தட்டிலே வைத்து, 'இது பிள்ளை செய்தது' என்று சொல்வதை மறவாதிருத்தல் நன்று.

கீரை ஆய்தல், வெண்டைக்காயின் காம்பை ஒடித்தல், பயற்றங்காயை முறித்தல், அவித்த பனங்கிழங்கின் தோலை உரித்துத் தும்பு வார்தல் ஆகியவையும் அத்தகையனவே. அவரை விதையைக் கோதினின்றும் பிரித்தெடுக்கும் பிள்ளை, விதை ஒழுங்காக வரிசையில் இருப்பதைத் தானே கண்டு வியக்கும். அந்த வியப்பைக் கெடாமல் விட்டாற் போதும், விரிவுரை வேண்டியதில்லை.

நீர் வார்த்தல் ஒரு தனிப் பாடம். முற்றத்திலே அகன்ற சருவச்சட்டி ஒன்றில் நீர் விட்டு, ஒரு செம்பும், மூக்குப்பேணியும், பழைய பாற்பேணியும், சிரட்டை இரண்டும் கொடுத்தால், பிள்ளை அரைமணி நேரம் அசையாது. இதிலே மூக்குப்பேணிக்குச் சிறப்பான இடம் உண்டு. அதன் மூக்கினால் நீர் ஒடுங்கி வீழ்வதால், சிறு கையும் குறி தவறாமல் வார்க்கலாம். பித்தளைக் கடையிற் பழம்பொருளாக விற்றுவிடாமல் வைத்திருப்போர் அதனை எடுத்துக் கொடுக்கலாம். வார்க்கும்போது பிள்ளை எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு வீழும் என்பதை மணிக்கட்டாலே அளக்கின்றது. நிரம்பும் முன்னே நிறுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் கற்கின்றது.

சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் சீன் பியாசே இவ்விளையாட்டிலிருந்து பெரியதோர் உண்மையைக் கண்டார். ஒரே அளவான இரு கிண்ணங்களிலே சமமாக நீர் வார்த்து, பிள்ளையும் அவை சமம் என ஒப்புக்கொண்ட பின்னர், ஒன்றிலுள்ள நீரை ஒடுங்கிய நெடிய கிண்ணத்துக்கு மாற்றினால், 4, 5 வயதுப் பிள்ளை நெடிய கிண்ணத்திலேதான் நீர் கூட உண்டு எனச் சொல்லும். நீர் கண்முன்னே மாற்றப்பட்டதை அது கண்டிருந்தும் அவ்வாறே சொல்லும். உயரமே அதன் கண்ணை நிறைக்கின்றது. ஏறத்தாழ 7 வயதளவிலேதான், வடிவம் மாறினும் அளவு மாறாது என்ற எண்ணம் நிலைபெறுகின்றது. தாய்மார் இதனை வீட்டிலேயே செம்பும் பேணியும் கொண்டு செய்து பார்க்கலாம். ஆனால் பிள்ளை பிழையாகச் சொன்னால் சிரிக்கவோ திருத்தவோ முயலவேண்டாம். 'அப்படியா? திருப்பி ஊற்றிப் பார்ப்போமா?' என்று கேட்பதே போதும். வார்த்தும் மீள வார்த்தும் பலநூறு தடவை கண்ட பின்னரே அவ்வுண்மை உள்ளே ஊறும். சொல்லிக் கொடுத்தால் வாய் சொல்லும்; உள்ளம் ஏற்காது.

எண்ணும் அவ்வாறே. மூன்றரை வயதுப் பிள்ளை ஒன்று முதல் இருபது வரை தடங்கலின்றி ஒப்புவிக்கும்போது வீட்டார் மகிழ்கின்றனர். அதே பிள்ளையிடம் 'ஐந்து புளியங்கொட்டை எடுத்துத் தா' என்றால் ஒரு பிடியை அள்ளி நீட்டும். ஒப்புவித்தல் பாட்டு, எண்ணுதல் வேறு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற இணைப்பும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை என்ற அறிவும் பொருள்களைத் தொட்டு நகர்த்தி நகர்த்தியே வரவேண்டும். இதற்கு இராச்சாப்பாட்டு வேளையினும் சிறந்த வகுப்பறை இல்லை. 'அப்பாவுக்கு ஒரு தட்டு, அம்மாவுக்கு ஒன்று, ஆச்சிக்கு ஒன்று, அண்ணாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று' என்று பிள்ளையே தட்டு வைக்கட்டும். மாமா வந்திருக்கும் நாளில் இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்கலாம். அப்பா வேலையால் வரப் பிந்தினால் ஒன்று குறையும். கூட்டலும் கழித்தலும் இவ்வளவுதான். சோற்றுக்கு அரிசி போடும்போது, சுண்டினால் அளந்து போடும் வேலையையும் பிள்ளைக்கே விடலாம். சிந்தியதைப் பொறுக்குவதும் அதன் வேலையே.

முதலிற் கண்ட அந்தச் சுளகுக்கு மீண்டு வருவோமாயின், அதிலே கிடப்பது வகைப்படுத்தல் என்னும் பாடம். பயறு, கடலை, உளுந்து ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பிடி கலந்து வைத்து, மூன்று சிரட்டைகளிலே பிரித்துப் போடும்படி சொன்னால், பிள்ளை நிறத்தைப் பார்க்கும், பருமனைப் பார்க்கும், இரண்டும் ஒவ்வாதபோது தடுமாறி நின்று தீர்மானிக்கும். ஒன்று மற்றதனோடு எதில் ஒக்கின்றது, எதில் வேறுபடுகின்றது என்று காணும் இக்கண்ணே பின்னர் 'ப'வுக்கும் 'ய'வுக்கும், 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வேற்றுமை காணப்போகின்றது. கடற்கரை ஊர்களிலே சிப்பியும் சோழியும் உள. மலையகத்திலே தேயிலை விதையும் இலைகளும் உள. நகரத்து வீட்டிலே பொத்தான்களும் போத்தல் மூடிகளும் உள. பொருள் எதுவாயினும் பாடம் ஒன்றே.

பனை வளரும் ஊரிலே பிறந்த பிள்ளைக்கு ஓலை ஒரு பெருஞ்செல்வம். சிறுவர் பூங்கா என்னும் முறையை 1837ஆம் ஆண்டளவிலே செருமனியிற் தொடக்கிய பிரெடெறிக் புரோபல், பந்து, உருளை, கனசதுரம் என்பவற்றோடு, தாட்கீற்றுக்களை மேலுங் கீழுமாகப் பின்னுதலையும் பிள்ளைகளுக்குரிய தொழில்களுள் ஒன்றாக வகுத்தார். அவர் வண்ணத் தாளைக் கத்தரித்துச் செய்வித்ததை, நம் ஆச்சிமார் சார்வோலையை வார்ந்து செய்துவந்தனர். பெட்டியும் நீத்துப்பெட்டியும் இழைக்கும் ஆச்சியின் பக்கத்தில் இருந்து, அகலமான ஓலைக் கீற்று நான்கை நெடுக்கிலும் நான்கைக் குறுக்கிலும் வைத்து 'மேலே, கீழே, மேலே, கீழே' என்று பின்னும் பிள்ளை, கையும் கண்ணும் ஒத்தியங்கக் கற்கின்றது. ஒன்று தவறினால் அடுத்த வரிசை தானே காட்டிக்கொடுக்கும், ஆசிரியர் வேண்டாம். ஓலைக் காற்றாடியும் நுங்கு வண்டியும் அப்புமார் செய்து கொடுத்த விளையாட்டுப் பொருள்கள். கடையிலே வாங்கும் பிளாத்திக்கு வண்டி ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்பது பிள்ளைக்கு விளங்காது. நுங்கு வண்டி ஓடாவிட்டால் அச்சு இறுகியிருப்பதைக் கண்ணாலே காணலாம். இக்கலைகளைக் கற்பிக்கும் ஆச்சிமார் அருகி வருகின்றனர். இன்னும் இருப்போரிடம் பிள்ளையை ஒப்படைப்பது இருவருக்கும் நன்மை.

முற்றத்துக் கோலத்தில் மாவைக் கிள்ளி எடுத்துக் கோடாக விடுவதும் விரல் நுனிக்குரிய பயிற்சி. புள்ளி வைப்பதைப் பெரியோர் செய்ய, சேர்ப்பதைப் பிள்ளை செய்யலாம். தைப்பொங்கல் நாளில் மட்டும் என்றில்லை.

தோட்டத்துப் பாடம் பொறுமையைக் கேட்பது. இரண்டு சிரட்டைகளில் ஈரமான மணல் இட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு போட்டு, ஒன்றை வெளிச்சமான யன்னலோரத்திலும் மற்றதை இருண்ட அலுமாரிக்குள்ளும் வைக்கலாம். இரண்டு மூன்று நாளில் இரண்டிலும் முளை காணும். ஒரு வாரத்தில் யன்னலோரத்துப் பயிர் பச்சையாகவும் குறுகியும் திடமாகவும் நிற்கும்; அலுமாரிக்குள் இருந்தது வெளிறி, மஞ்சளாகி, நீண்டு சாய்ந்து கிடக்கும். ஏன் என்று பிள்ளை கேட்கும். 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று திருப்பிக் கேட்டுவிட்டு, மஞ்சட் பயிரையும் வெளிச்சத்தில் வைத்து இரண்டு நாள் பார்க்கும்படி விடலாம். அது பச்சையாகத் தொடங்கும்.

இவற்றையெல்லாம் செய்விக்கும்போது பெரியோரின் பேச்சு மிக முக்கியமானது. கை செய்ததைச் சொல் பற்றிக்கொள்ளவேண்டும். 'சொரசொரப்பு, வழவழப்பு, ஈரம், உலர்ந்தது, கனம், இலேசு, உள்ளே, அடியிலே, நடுவிலே' என்னும் சொற்கள் பொருள் கையில் இருக்கும்போது கேட்கப்பட்டால், பிள்ளைக்கு உரியவையாகிவிடுகின்றன. ஆனால் பேச்சு என்பது விசாரணை ஆகிவிடலாகாது. 'இது என்ன நிறம்? இது எத்தனை? சொல்லு பார்ப்போம்!' என்று ஓயாமற் கேட்கும் வீட்டிலே பிள்ளை பரீட்சைக்கு நிற்பதுபோற் கூசிப்போகும். தாய் தான் செய்வதைத் தானே சொல்லிக்கொண்டு செய்தால் அதுவே மேல். பிள்ளை ஆழ்ந்து ஈடுபட்டிருக்கும் கணத்திலோ பேச்சே வேண்டாம்.

கூலி வேலைக்குச் சென்று களைத்து வரும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கப்படலாம். கொழுந்து எடுத்துவிட்டு, பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு மாலையில் வீடு திரும்பும் தாயிடம் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி சொல்வது நியாயமன்று. அவ்வாறு ஒதுக்கவும் வேண்டியதில்லை. எப்படியும் செய்தாகவேண்டிய வேலையிலே ஒரு சிறு பங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பதே இங்கு கூறப்படுவது. வேலை சற்றுப் பிந்தும், மா சிந்தும், தரை நனையும். அந்தப் பிந்துதலே செலவு; வேறு செலவில்லை. இது தாய்க்கு மட்டும் உரிய கடமையும் அன்று. சைக்கிள் துடைக்கும் தகப்பன் ஒரு துணித்துண்டையும், சங்கிலிக்கு எட்டாத ஒரு பகுதியையும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். கத்தரிக்கு நீரிறைக்கையில் சிறு வாளி ஒன்று கொடுக்கலாம்.

அபாயங்களையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை எதையும் வாயிலிடும். மூக்கிலும் காதிலும் செருகும். அவ்வயதுக்குக் கடலை, புளியங்கொட்டை, பொத்தான் போன்ற சிறு பொருள்கள் ஆகா. கைப்பிடிக்கு அடங்காத பெரிய பொருள்களே கொடுக்கவேண்டும். குன்றிமணி எவ்வயதிலும் வேண்டாம். பார்வைக்கு அழகான அவ்விதையின் பருப்பிலே கொடிய நஞ்சு உண்டு. நீர் விளையாட்டின்போது பெரியவர் ஒருவர் அருகிலேயே இருத்தல் வேண்டும். முடிந்தவுடன் சட்டியைக் கவிழ்த்துவிடவேண்டும். சில அங்குல ஆழமான நீரும் சிறு பிள்ளையின் உயிரைக் கொள்ளக்கூடும். கட்டில்லாத கிணறு உள்ள வளவிலே, பாடத்துக்கு முன்னே வேலி.

கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பிள்ளையை இருத்திவிடும் வழக்கம் இன்று எங்கும் பரவியுள்ளது. திரையிலே தோன்றும் மாம்பழத்துக்குக் கனமில்லை, மணமில்லை, அதனை உருட்டினால் விரலுக்கு ஒரே கண்ணாடித் தட்டுதான். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலிலே, 2 முதல் 4 வயது வரையான பிள்ளைகள் திரைமுன் இருக்கும் நேரம் நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது எனவும், அதனினும் குறைவாயின் நன்று எனவும் கூறியுள்ளது. ஒரு வயதுக் குழந்தைக்கு அது வேண்டாம் என்பதே அதன் கருத்து.

சில பிள்ளைகள் இடக்கையாலேயே எதையும் எடுக்கும். அது குறையுமன்று, குற்றமுமன்று. உண்பதற்கு வலக்கையைப் பழக்க வீட்டார் விரும்பலாம். ஆனால் மாப் பிசையவும், நீர் வார்க்கவும், பின்னர் எழுதவும் எந்தக் கை முந்துகின்றதோ அதனையே விட்டுவிடவேண்டும். கையிலே அடித்து மாற்றப்பட்ட பிள்ளைகள் எழுத்தை அச்சத்தோடு தொடுகின்றன. இன்னுஞ் சில பிள்ளைகள் பொருளைப் பற்றுவதிலோ, பேச்சிலோ, நோக்குவதிலோ ஒத்த வயதினரை விடப் பெரிதும் பின்தங்கி நிற்கக்கூடும். அயலார் 'வளர வளரச் சரிவரும்' என்பர். சரிவரவும் கூடும். ஆயினும், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுவதைப் பின்போடலாகாது. காது சரியாகக் கேளாத பிள்ளையை மந்தப் பிள்ளை என்று வைத்து இரண்டு ஆண்டுகளை வீணாக்கிய வீடுகள் உள.

எழுதும் காலம் வந்துவிட்டதை எவ்வாறு அறிவது? பிள்ளையே காட்டும். தன் பெயரை எழுதித் தரும்படி கேட்கும். அண்ணனின் கொப்பியைத் திருடும். முற்றத்து மணலிலே தடியாற் கீறி, 'இது என்ன எழுத்து?' என்று வினவும். அப்போது தாம்பாளத்து அரிசியையோ மணலையோ முதலில் எடுத்து வைக்கலாம். ஆனா மிகவும் வளைந்து நெளியும் எழுத்து. சிறு விரலுக்கு அது கடினம். 'ட', 'ப', 'ம' ஆகியவை நேர்கோட்டில் தொடங்குவன. அவற்றை முதலிற் பழக்குவது எளிது. இம்மூன்றையும் கொண்டே 'படம்', 'பட்டம்' என்ற சொற்களும் அமைந்துவிடுதலால், பிள்ளை முதல் வாரத்திலேயே ஏதோ ஒன்றை எழுதிவிட்டதாக மகிழும். விரல் பழகிய பின் கரித்துண்டு அல்லது வெண்கட்டி. அதன் பின்னரே பென்சில். பென்சில் தடித்ததாகவும் தாள் கோடிடாததாகவும் இருக்கட்டும். ஒரு நேரத்திற்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை எழுந்து போனால் போகவிடலாம்.